இணையவழிப் பட்டப்படிப்பு மையத்தை வழிநடத்தப் போகிறேன்: எந்தத் திறன்களை முதலில் வளர்த்துக்கொள்ள வேண்டும்?

கேள்வி: வணிகவியல் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாக வணிகவியல் கற்பித்து வருகிறேன். வருகிற கல்வியாண்டிலிருந்து பி.காம்., எம்.காம். ஆகிய இரண்டு படிப்புகளையும் முழுமையாக இணையவழியில் நடத்துவது என்று எங்கள் ஆட்சிமன்றக் குழு முடிவெடுத்து, அதற்கான மையத்தின் இயக்குநர் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறது. மகிழ்ச்சியோடுதான் ஏற்றுக்கொண்டேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு வேலைக்குப் போய்விட்ட பெண்கள், திருமணத்திற்குப் பின் படிப்பை நிறுத்தியவர்கள், நூற்பாலையிலும் துணிக்கடையிலும் கணக்கு எழுதிக்கொண்டே ஒரு பட்டம் வாங்கிவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் என்று எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ பேரை எனக்கு நேரில் தெரியும். அவர்களுக்கு இந்தப் படிப்பு ஒழுங்காகச் சென்று சேர வேண்டும் என்பதே என் விருப்பம்.

ஆனால் இணையவழிக் கல்வியில் எனக்கு இருக்கும் அனுபவம் 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கூகுள் மீட்டில் வகுப்பு எடுத்தது மட்டுமே. துறைத் தலைவராக மூன்றாண்டுகள் இருந்திருக்கிறேன். அந்தப் பணியில் கற்றுக்கொண்டது இங்கே எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று தெரியவில்லை. பொறுப்பேற்று ஐந்து வாரங்களுக்குள் இரண்டு சிக்கல்கள் முன்னால் வந்து நிற்கின்றன. முதலாவது, மூத்த ஆசிரியர்கள் பாடங்களைப் பதிவுசெய்யத் தயங்குகிறார்கள். "என் வகுப்பை ஒருமுறை படம்பிடித்து வைத்துக்கொண்டால், அடுத்த ஆண்டு நான் எதற்கு?" என்று ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார், அந்தக் கேள்விக்கு என்னால் அப்போது பதில் சொல்ல முடியவில்லை. இரண்டாவது, முதலாண்டிலேயே மூவாயிரம் பேரைச் சேர்க்க வேண்டும் என்று நிர்வாகம் எதிர்பார்க்கிறது. மாணவர்களை நாங்களே பிடித்துத் தருகிறோம், பாடம் நடத்துவதையும் எங்கள் ஆட்களே பார்த்துக்கொள்வார்கள், கட்டணத்தில் பங்கு கொடுத்தால் போதும் என்று ஒரு தனியார் நிறுவனமும் வந்து பேசியிருக்கிறது.

இந்த நிலையில் நான் முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்? பாடம், ஒப்படைப்பு, மதிப்பெண் எல்லாவற்றையும் இணையத்தில் நடத்த உதவும் கற்றல் மேலாண்மை மென்பொருளைக் கையாளவா, கல்வி நிர்வாகத்தில் ஒரு குறுகிய காலப் பயிற்சியா, அல்லது வேறு ஏதேனுமா? இந்தப் பணியில் இருந்தவர்கள் பட்டறிவிலிருந்து சொன்னால் நன்றியுடன் ஏற்றுக்கொள்வேன்.


பதில் 1: தொலைநிலைக் கல்வியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்

அம்மா, வணக்கம். இருபத்திரண்டு ஆண்டுகள் தொலைநிலைக் கல்வியில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் கேட்ட மென்பொருளும் பயிற்சியும் வேண்டியவைதான். ஆனால் அவை இரண்டாம் மாதத்திற்குக் காத்திருக்கலாம். உங்களுக்கு இப்போது உடனடியாகத் தேவைப்படுவது, விதிமுறைகளை எழுத்துக்கு எழுத்து படித்து, அவற்றை வைத்து நிர்வாகத்திடம் பணிவாகவும் உறுதியாகவும் பேசும் திறன்.

பல்கலைக்கழக மானியக் குழு 2020 செப்டம்பரில் அறிவிக்கை செய்த திறந்தநிலை, தொலைநிலை மற்றும் இணையவழிப் படிப்புகளுக்கான ஒழுங்குமுறை விதிகளை எடுத்து மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின் வந்த திருத்தங்களையும் உடன் சேர்த்துக்கொள்ளுங்கள். உரிமம் கொடுத்து இன்னொருவரிடம் படிப்பை நடத்தவிடுவதற்கு அதில் இடமில்லை. இணையவழிக் கல்வி நிறுவனங்களோடு அப்படிப்பட்ட ஏற்பாடுகள் பெருகியபோது, 2022 ஜனவரியில் மானியக் குழு பொது எச்சரிக்கையே வெளியிட்டது. எனவே உங்களிடம் வந்து பேசிய நிறுவனத்திற்கு வாய்மொழியாக எதுவும் சொல்லாமல், விதியைச் சுட்டிக்காட்டி ஒரு குறிப்பு எழுதி, பதிவாளர் வழியாகக் கோப்பில் ஏற்றிவிடுங்கள். மென்பொருளை வாடகைக்கு எடுப்பது வேறு, பாடம் நடத்துவதையும் மதிப்பிடுவதையும் வெளியே விடுவது வேறு. இந்த வேறுபாட்டைத் துணைவேந்தருக்கு ஐந்து நிமிடத்தில் விளக்கிச் சொல்ல உங்களால் முடிய வேண்டும்.

மூவாயிரம் என்ற எண்ணிக்கைக்கும் அதே விதிகளிலேயே விடை இருக்கிறது. 250 மாணவர்கள் கொண்ட ஓர் அணிக்கு ஒரு பாட வழிகாட்டி இருக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. மூவாயிரத்தை 250 ஆல் வகுத்தால் பன்னிரண்டு. ஒரே ஆள் நிதிக் கணக்கியலுக்கும் வணிகச் சட்டத்திற்கும் புள்ளியியலுக்கும் பதில் சொல்ல முடியாது என்பதால், ஒரு பருவத்தில் ஐந்து தாள்கள் என்று வைத்தாலும் அறுபது இடங்களுக்கு ஆள் தேவைப்படும். இந்த அறுபது பேரின் சம்பளத்தை வரவு செலவுத் திட்டத்தில் எழுதிக் காட்டுங்கள். "இது நடக்காது" என்று நீங்கள் வாயால் சொன்னால் அது உங்கள் தயக்கமாகத் தெரியும். கணக்காக எழுதிக் கொடுத்தால் நிர்வாகமே எண்ணிக்கையைக் குறைக்கும். வணிகவியல் ஆசிரியையான உங்களுக்கு இது இயல்பாகவே வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1962 இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கிய காலத்திலிருந்தே, பாடநூலை அனுப்பிவிட்டால் கல்வி போய்ச் சேர்ந்துவிட்டது என்று கருதும் பழக்கம் நம் அமைப்புகளில் ஊறிக்கிடக்கிறது. நானும் அப்படி நினைத்தவன்தான். ஒருமுறை மாணவர் கற்றல் மையம் ஒன்றுக்குப் போனபோது, நாங்கள் அனுப்பிய புத்தகக் கட்டுகள் சணல் கயிறுகூட அவிழ்க்கப்படாமல் ஒரு வகுப்பறையின் மூலையில் அடுக்கி வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்தேன். தேர்வுக்கு அப்போது மூன்று வாரங்களே இருந்தன. எங்கள் அலுவலகப் பதிவேட்டில் அவை அனைத்தும் "அனுப்பப்பட்டது" என்றே இருந்தன. காணொலியைத் தளத்தில் ஏற்றியதும் வேலை முடிந்தது என்று எண்ணினால் இணையவழியிலும் இதே கதைதான் நடக்கும். ஏற்றியவற்றின் பட்டியலை அன்றாடம் கேட்கும் இயக்குநராக இராமல், மாணவர் திறந்து பார்த்தவற்றின் பட்டியலைக் கேட்கும் இயக்குநராக இருங்கள். எண்ணிக்கையில் மட்டும் முதலாண்டில் அகலக்கால் வைக்காதீர்கள்.


பதில் 2: பாட வடிவமைப்பாளர், காணொலிக் கூடம்

மேடம், ஆசிரியர்களின் தயக்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். என் அன்றாட வேலையே அதுதான்.

உங்கள் மூத்த ஆசிரியர் கேட்ட கேள்வி முற்றிலும் நியாயமானது. அதற்குச் சமாதானம் சொல்லிப் பயனில்லை; எழுத்துவடிவில் உறுதி கொடுக்க வேண்டும். பதிவுசெய்த பாடத்தின் மீது ஆசிரியருக்கு என்ன உரிமை, அவர் வேறிடம் போனால் அதைப் பயன்படுத்தலாமா, வரிச் சட்டம் மாறினால் திருத்திப் பதிவுசெய்வது யார் பொறுப்பு, அந்தப் பணி எத்தனை மணிநேர வேலையாகக் கணக்கிடப்படும் என்பவை எல்லாம் ஓர் ஆணையாக வெளிவர வேண்டும். அரைமணி நேரப் பாடத்தை நல்ல முறையில் பதிவுசெய்ய ஓர் ஆசிரியருக்கு இரண்டு முழு நாள் ஆகிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதை "கூடுதல் பணி" என்று சொல்லி, வாரத்திற்குப் பதினாறு மணி நேர வகுப்புக்கு மேல் அவர் தலையில் சுமத்தினால் யாரும் மனமுவந்து வரமாட்டார்கள். வகுப்பு நேரத்தைக் குறைத்துத் தரும் ஆணையைத் துறைத் தலைவர்களிடமிருந்து பேசி வாங்கித் தருவதுதான், என் பார்வையில், உங்கள் தலைமைக்கு வரும் முதல் சோதனை.

அடுத்து, 2020 இல் நாம் செய்ததை இணையவழிக் கல்வி என்று ஆசிரியர்கள் நினைத்திருப்பதால் வரும் அச்சம். ஊரடங்கு தொடங்கிய அந்த மார்ச் மாதத்திலேயே அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்கள் சிலர், இது அவசரகாலத் தொலைக்கற்பித்தல், திட்டமிட்டு வடிவமைக்கும் இணையவழிக் கல்வியோடு இதை ஒப்பிடக் கூடாது என்று எழுதினார்கள். ஐம்பது நிமிட வகுப்பை அப்படியே கேமரா முன் பேசுவது நமக்குத் தெரிந்த வழி. ஆனால் இணையவழிப் பாடங்களை வழங்கும் எட்எக்ஸ் தளத்தில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014 இல் வெளிவந்த ஆய்வு, ஆறு நிமிடத்திற்கு உட்பட்ட காணொலிகளில்தான் மாணவர் கவனம் நிலைக்கிறது என்று கண்டது. இந்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான நம் ஸ்வயத்திலும் காணொலி, வாசிப்புப் பொருள், கலந்துரையாடல், தன்மதிப்பீடு என்று நான்கு பகுதிகள் இருப்பதன் பொருள், காணொலி அதில் நான்கில் ஒன்று மட்டுமே என்பதுதான்.

ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். அடக்கவிலைக் கணக்கியல் கற்பிக்கும் மூத்த பேராசிரியர் ஒருவர் எங்கள் கூடத்திற்கு வந்து, பிபிடி தயாரிக்க எனக்கு வராது, என்னை விட்டுவிடுங்கள் என்றார். எங்கள் இயக்குநர் அவரை வற்புறுத்தவில்லை. முதலில் தன்னுடைய பதிவையே போட்டுக் காட்டினார். அதில் அவர் மூன்று இடங்களில் தடுமாறியிருந்தார், கண்கள் கேமராவைப் பார்க்கவே இல்லை. "என்னுடையதே இப்படித்தான் இருக்கிறது, திரும்ப எடுக்கப் போகிறேன்" என்றார். பிறகு அந்தப் பேராசிரியரிடம், வகுப்பில் எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள் என்று கேட்டார். "பேப்பரில் கட்டம் போட்டு, வாங்கின சரக்கு, கொடுத்த சரக்கு, மீதி என்று எழுதிக் காட்டுவேன்" என்று பதில் வந்தது. மேசைக்கு மேலே ஒரு கேமராவைக் கவிழ்த்துப் பொருத்தி, அவர் கையையும் காகிதத்தையும் மட்டும் படம்பிடித்தோம். முதலில் வந்த சரக்கை முதலில் வழங்கும் முறையில் விலை மாறும் இடம் வந்ததும், பழைய விலையைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் புதிய விலையை எழுதுவார். ஏழு நிமிடக் காணொலி அது. அந்தத் தாளில் மாணவர்கள் மிக அதிகமாகத் திரும்பத் திரும்பப் பார்த்த பதிவும் அதுவே. இப்போது அவரே இளைய ஆசிரியர்களுக்கு அந்த மேசையில் உட்கார்ந்து சொல்லித்தருகிறார்.

நீங்களும் முதல் பதிவை நீங்களே எடுத்து, அதன் குறைகளோடு மற்றவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள் மேடம்.


பதில் 3: வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் மாணவி

வணக்கம் அம்மா. நான் இந்த விவாதத்தில் எழுதத் தகுதியானவளா என்று தெரியவில்லை. ஆனால் நீங்கள் துணிக்கடையில் கணக்கு எழுதுபவர்கள் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். நான் அந்த வேலையில்தான் இருக்கிறேன். இணையவழியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன்.

எங்கள் படிப்பில் முதல் பருவத்தில் நேரலை வகுப்புகளை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வைத்தார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு ஓய்வு நாள் என்று நினைத்திருப்பார்கள். துணிக்கடைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் அலைமோதும் நாள். எனக்கு விடுமுறை செவ்வாய்க்கிழமை. ஒரு வகுப்பில்கூட என்னால் கலந்துகொள்ள முடியவில்லை. இதை யாரிடம் சொல்வது என்றும் தெரியாமல், மூன்றாவது வாரத்தில் தளத்தைத் திறப்பதையே விட்டுவிட்டேன். கட்டிய பணம் போனால் போகட்டும் என்ற முடிவுக்கே வந்துவிட்டேன்.

அப்போது எங்கள் பாட வழிகாட்டி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "பதினோரு நாளாக நீங்கள் உள்ளே வரவில்லையே, உடம்புக்கு ஏதாவதா?" என்றுதான் பேச்சைத் தொடங்கினார். படிப்பைப் பற்றி அவர் எதுவும் கேட்பதற்குள் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரவு பத்தரைக்கு மேல்தான் எனக்கு நேரம் கிடைக்கும் என்று சொன்னதும், அவர் அதைக் குறித்துக்கொண்டு, இன்னும் யார் யார் அப்படி என்று எல்லோரிடமும் கேட்டார். அடுத்த மாதத்திலிருந்து ஒரு வகுப்பு செவ்வாய் இரவு நடக்கிறது. நாற்பது பேருக்கு மேல் வருகிறோம். அந்த ஒரு அழைப்பு வராமல் இருந்திருந்தால் நான் இன்று இரண்டாம் ஆண்டில் இருக்க மாட்டேன்.

இணையச் செலவையும் நினைத்துப் பாருங்கள். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர் 9 லட்சத்து 69 ஆயிரம் பேருக்கு நாள்தோறும் 2 ஜிபி இணையத் தரவைத் தமிழக அரசு இலவசமாகக் கொடுக்கும் திட்டம் வந்தது. என் தம்பி அரசுக் கலைக் கல்லூரியில் படித்ததால் அவனுக்கு அந்த அட்டை கிடைத்தது. என்னைப்போல வேலை பார்த்துக்கொண்டு படிக்கிறவர்கள் சொந்தக் காசில்தான் போட்டுக்கொள்கிறோம். பாடத்தைக் குறைந்த அளவுள்ள காணொலியாகவும், கேட்டுக்கொண்டே வேலை செய்யும்படி ஒலிக்கோப்பாகவும் கொடுத்தால் பேருதவியாக இருக்கும்.

மொழியைப் பற்றியும் ஒன்று. பாடம் ஆங்கிலத்தில் இருப்பதில் எனக்குக் குறையில்லை. ஆனால் டிப்ரிசியேஷன் என்று சொன்ன இடத்தில், "அதாவது தேய்மானம், உங்கள் கடையில் இருக்கும் தையல் இயந்திரம் ஆண்டுக்காண்டு விலை குறைகிறதே, அதுதான்" என்று எங்கள் ஆசிரியை ஒரே ஒரு வரி தமிழில் சொன்னபோது, பள்ளியிலிருந்து புரியாமலே இருந்தது புரிந்தது. அப்படிச் சொல்ல ஆசிரியர்களுக்கு அனுமதி உண்டு என்பதை நீங்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.


பதில் 4: பல்கலைக்கழகக் கணினி மையப் பொறியாளர்

மேலே எழுதிய ஐயா, மென்பொருள் இரண்டாம் மாதத்திற்குக் காத்திருக்கலாம் என்கிறார். அவர் அனுபவத்தை மதிக்கிறேன். இந்த ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். இயக்குநர் மென்பொருளை இயக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் தெரிந்திருக்க வேண்டும். எந்த வசதி எவ்வளவு விலை என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மூன்றாண்டு கழித்து நிறுவனத்தை மாற்ற நினைத்தால், மாணவர்களின் மதிப்பெண், ஒப்படைப்பு, வருகைப் பதிவு ஆகியவற்றை முழுமையாக எடுத்துக்கொண்டு வர முடியுமா என்பதை யாரும் கேட்பதில்லை. நான் முன்பு பணியாற்றிய இடத்தில் அப்படிக் கேட்காததால், ஒரு முழு அணியின் தொடர் மதிப்பீட்டு விவரங்களை இருவர் உட்கார்ந்து எட்டு நாள் கையால் மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. 2023 இல் தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டதால், மாணவர் விவரம் யாரிடம், எங்கே, எதற்காக இருக்கிறது என்பதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு உங்களுடையதாகவும் இருக்கும். மூடுல் போன்ற கட்டற்ற கற்றல் மேலாண்மை மென்பொருளைப் பல்கலைக்கழகமே நிறுவி நடத்துவதா, வெளியே வாங்குவதா என்ற முடிவு இந்த மாதமே எடுக்க வேண்டியது.

அந்த மாணவி சொன்ன பதினோரு நாள் கணக்கும் மென்பொருள் தந்ததுதான். ஏழு நாள் உள்ளே வராதவர்களின் பட்டியல் ஒவ்வொரு திங்கட்கிழமையும் வழிகாட்டிகளுக்குத் தானாகவே போகும்படி அமைக்கலாம், அரைநாள் வேலை. பட்டியலைப் பார்த்து அழைத்தார்களா என்று கேட்பது உங்கள் பொறுப்பு.

தேர்வைப் பற்றியும் தொடக்கத்திலேயே யோசியுங்கள். விதிப்படி தொடர் மதிப்பீட்டுக்கு 30 விழுக்காடுவரை, மீதி இறுதித் தேர்வுக்கு. ஐஐடி மெட்ராஸ் 2020 இல் தொடங்கிய தரவு அறிவியல் படிப்பில் பாடம் முழுவதும் இணையத்தில் இருந்தாலும், முக்கியமான தேர்வுகளை மாணவர்கள் தேர்வு மையத்திற்கு நேரில் வந்தே எழுதுகிறார்கள். பட்டத்தின் மதிப்பைக் காப்பாற்ற அது நல்ல வழி. அதே நேரத்தில், மையம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது, எந்த நாளில் தேர்வு என்பதை முடிவு செய்யும்போது செவ்வாய்க்கிழமை விடுமுறைக்காரர்களையும் நினைவில் கொள்ளுங்கள்.


மறுமொழி: வணிகவியல் ஆசிரியை

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. தகுதியைப் பற்றி ஐயப்பட்ட தங்கைக்கு முதலில் சொல்கிறேன்: நீங்கள் எழுதியதை அச்சிட்டு எங்கள் நேர அட்டவணைக் குழுவின் முன் வைத்திருக்கிறேன். சேர்க்கைப் படிவத்திலேயே "உங்கள் வார விடுமுறை எந்த நாள், எந்த நேரம் படிக்க முடியும்" என்று இரண்டு கேள்விகளைச் சேர்த்துவிட்டோம்.

ஐயா சொன்னபடி கணக்கை எழுதிக் கொடுத்தேன். முதலாண்டில் பி.காம். மட்டும், 500 பேர், இரண்டு அணிகள் என்று துணைவேந்தர் ஒப்புக்கொண்டிருக்கிறார். தனியார் நிறுவனத்தின் கோரிக்கைக்கு விதியைச் சுட்டிக்காட்டிப் பதிவாளர் பதில் அனுப்பிவிட்டார். நேற்று கேமரா முன் உட்கார்ந்து பேரேட்டுப் பதிவைப் பற்றி ஒன்பது நிமிடம் பேசினேன். பற்று வரவு இரண்டையும் ஓரிடத்தில் மாற்றிச் சொல்லிவிட்டேன். வெட்டாமல் அப்படியே வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை ஆசிரியர் கூட்டத்தில் போட்டுக் காட்டுவதற்காக.

ஒன்று மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. பாட வழிகாட்டிகளாக வருபவர்கள் பெரும்பாலும் இளைய உதவிப் பேராசிரியர்களாகவும் ஆய்வு மாணவர்களாகவும் இருக்கிறார்கள். படிப்பை விட்டுவிடும் நிலையில் இருக்கும் ஒருவரை அழைத்துப் பேச அவர்களை எப்படிப் பழக்குவது?


பதில் 5: தொலைநிலைக் கல்வியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்

அம்மா, முதல் இரண்டு வாரங்களுக்கு அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நீங்களே சில அழைப்புகளைச் செய்யுங்கள். எப்படித் தொடங்குகிறீர்கள், எதிர்முனையில் மௌனம் வந்தால் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்பதை அவர்கள் காதால் கேட்க வேண்டும். எழுதிக் கொடுத்த வாசகத்தைப் படிக்கச் சொல்லாதீர்கள். அழைப்பு முடிந்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் மாணவர் சொன்ன காரணத்தை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். கட்டணத் தவணை, பிள்ளைக்குக் காய்ச்சல், இரவுப் பணி, கைபேசி பழுது என்று வரும். மாதம் ஒருமுறை அந்தப் புத்தகத்தை வழிகாட்டிகள் அனைவரோடும் சேர்ந்து படியுங்கள். உங்கள் அதிகாரத்தால் தீர்க்கக்கூடியவை எவை என்பது அங்கேயே தெரிந்துவிடும். தவணையைத் தள்ளிப்போடும் அதிகாரத்தை இப்போதே கோப்பில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதத்திலேயே தேவைப்படும்.